வீட்டுல பழைய வெள்ளி ரூபா கிடைச்சிருக்கா? எடைக்குப் போடறதுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்

தாத்தா பாட்டி பீரோவ காலி பண்றப்போ, பாகம் பிரிக்கறப்போ, பழைய டிரங்குப் பெட்டிய திறக்கறப்போ துணிப்பைல முடிஞ்சு வச்ச வெள்ளி ரூபாய்ங்க நிறைய வீட்ல கிடைக்குது. எங்க வீட்லயும் கிடைச்சுது. அத வச்சுக்கிட்டு நான் அலைஞ்ச அலைச்சல்ல கத்துக்கிட்டது ஒண்ணுதான், ஒரே காச ஒரு கடைல எடைக்குக் கேப்பாங்க, இன்னொரு கடைல 'இதுல பாதிதான் வெள்ளி'ம்பாங்க, மூணாவது ஆள் ஒண்ணுமே சொல்லாம பத்து காச மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டு 'இதுக்கு மட்டும் காசு தரேன்'ம்பாங்க. நம்மகிட்ட என்ன இருக்குன்னு நமக்கே தெரியாதவரைக்கும் அவங்க சொல்றதுதான் விலை. அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்லயே உக்காந்து முடிச்சுட வேண்டிய வேலைய வரிசையா எழுதிருக்கேன். நான் இங்க பேசறது பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய், அதாவது 1835லேர்ந்து 1945 வரைக்கும் அடிச்சது. தமிழ்நாட்டு வீடுகள்ல அதிகமா கிடைக்கறது இதுதான், நம்ம ஊர்ல ராணி காசு, ராஜா காசுன்னு சொல்லுவாங்களே அதேதான்.

1. கழுவாதீங்க, தேய்க்காதீங்க

இத முதல்ல சொல்லிடறேன், ஏன்னா காசு கைக்கு வந்த அன்னிக்கே இத கெடுத்துடறாங்க. கருத்துப் போன வெள்ளியப் பாத்தா நம்ம வீட்ல கை தானா விபூதிய எடுக்கும், இல்ல புளி, பல்பொடி, டூத்பேஸ்ட், கடைல விக்கற வெள்ளி டிப். குத்துவிளக்குக்கு அது சரி. சேகரிக்கறவங்க வாங்கற காசுக்கு அது கேடு. அந்தக் கருப்பு வெள்ளிமேல காலப்போக்குல தானா படியறது, அது அப்படியே இருந்தாத்தான் அவங்களுக்குப் பிடிக்கும். தேச்சா மேல பொடிப்பொடியா கோடு விழுந்துடும், லென்ஸ்ல பாத்தா உடனே தெரியும், அதுக்கப்புறம் அந்தக் காசுக்கு முழு கிரேடு கிடைக்காது. கிரேடிங் கம்பெனிங்க, அதாவது காசு உண்மையானதா, என்ன நிலைமைல இருக்குன்னு பாத்து தரம் போட்டுக் குடுக்கறவங்க, 'கிளீன் பண்ணது'ன்னு குறிப்பு போட்டுத்தான் திருப்பி அனுப்புவாங்க.

மண்ணு ஒட்டியிருந்தா டிஸ்டில்டு வாட்டர்ல கொஞ்ச நேரம் போட்டு எடுத்து மெல்லிசு பருத்தித் துணிமேல வச்சு தானா காய விடுங்க, துடைக்க வேண்டாம். எடுக்கறப்போ விளிம்பப் புடிச்சு எடுங்க, முகத்துல விரல் வைக்காதீங்க. ரப்பர் பேண்ட் போட்டு கட்டாதீங்க, நியூஸ்பேப்பர்ல சுத்தாதீங்க, ரெண்டுலயும் கந்தகம் கலந்த சமாச்சாரம் இருக்கும், வெள்ளி கருக்கும். ஸ்டேஷனரி கடைல கிடைக்கற மெத்துமெத்துன்னு இருக்க பிவிசி கவரும் வேண்டாம், வருஷக்கணக்குல உள்ள வச்சா பச்சையா பிசுபிசுன்னு காசுமேல ஏறிடும். காயின் ஹோல்டர், இல்ல கெட்டி பிளாஸ்டிக் கேப்ஸ்யூல் வாங்கிக்கோங்க. எல்லாத்துக்கும் வாங்கணும்னு இல்ல, கீழ ஆறாவது படில தனியா எடுக்கப் போற காசுங்களுக்கு மட்டும் போதும்.

2. காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

பீரோ, பெட்டி, பேங்க் லாக்கர்னு குடும்பத்துல கைமாறி வந்ததுன்னா பிரச்சனை இல்ல, அது குடும்பச் சொத்து. ஆனா பழைய வீட்ட இடிக்கறப்போ சுவத்துக்குள்ள இருந்தோ, தோட்டத்துல குழி தோண்டறப்போ பானைலயோ கிடைச்சுதுன்னா அது வேற கதை. 1878ம் வருஷத்து புதையல் சட்டம் இன்னும் அமல்ல இருக்கு. மண்ணுலயும், மண்ணோட சேர்ந்த கட்டடத்துலயும் மறைஞ்சு கிடந்த பொருள், மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல இருந்தாலே கலெக்டருக்கு எழுத்து மூலமா தெரியப்படுத்தணும். என்ன கிடைச்சுது, எவ்வளவு, எங்க, எந்த தேதில, இவ்வளவும் எழுதணும். மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். கொத்தனார், ஜேசிபி டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர்னு பத்து பேர் பாத்த பானைய அமுக்கலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க. விஏஓ மூலமா தாசில்தார் ஆபிஸுக்குப் போய் எழுதிக் குடுத்து, குடுத்ததுக்கு சீல் வச்ச நகல் ஒண்ணு கைல வாங்கிக்கோங்க.

இன்னொரு சட்டம் 1972ம் வருஷத்தோடது, தொல்பொருள் சட்டம். நூறு வருஷம் ஆன காசு தொல்பொருள் கணக்குல வந்துடும். உள்நாட்டுல உங்க வீட்டுக் காச நீங்க விக்கலாம், ஆனா நாட்ட விட்டு வெளிய அனுப்ப முடியாது. விக்டோரியா, எட்வர்ட் காசு எல்லாமே நூறு தாண்டியாச்சு, ஜார்ஜ் அஞ்சோட ரூபாய்ங்க 1922ல முடிஞ்சுடுது, அதுவும் தாண்டியாச்சு. அதனால சிங்கப்பூர்ல இருக்க அண்ணன் பையன் நல்ல விலைக்கு வித்துத் தரேன்னு பையில போட்டுக்கிட்டுப் போறது, ஆன்லைன்ல வெளிநாட்டு ஆளுக்கு வித்து கூரியர் பண்றது, கிரேடிங்குக்குன்னு வெளிநாட்டுக்கு பார்சல் போடறது எல்லாம் ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்கிட்ட மாட்டற வேலை. நூறு வருஷம் ஆகாத காச வெளிய கொண்டு போகணும்னா, இது தொல்பொருள் இல்லைன்னு இந்திய தொல்லியல் துறைகிட்ட சான்று வாங்கிட்டுப் போங்க.

3. தலையப் பாத்து பிரிங்க

ஒரு வெள்ளத் துணிய விரிச்சு, நல்ல வெளிச்சத்துல, ராஜா ராணி முகத்த வச்சு குவியல் குவியலா பிரிக்கணும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவங்களும் பிரிக்கலாம், அடையாளம் சுலபம்.

கிரீடம் இல்லாத ஆம்பள முகம், வருஷம் 1835ன்னு இருந்தா அது நாலாம் வில்லியம். கிரீடம் இல்லாத பொண்ணு முகம், 1840ன்னு இருந்தா சின்ன வயசு விக்டோரியா. இது ரெண்டும் கிழக்கிந்திய கம்பெனி ஆட்சி காலத்துக் காசு. கிரீடம் வச்ச விக்டோரியா 1862லேர்ந்து வருது, 1876 வரைக்கும் 'குயீன்'னு இருக்கும், 1877லேர்ந்து 'எம்ப்ரஸ்'னு மாறிடும், 1901 வரைக்கும் அதான். அப்புறம் ஏழாம் எட்வர்ட், 1903லேர்ந்து 1910, தாடி வச்சவர், தலைல கிரீடம் இருக்காது. அஞ்சாம் ஜார்ஜும் தாடிதான் ஆனா கிரீடம் இருக்கும், 1911லேர்ந்து 1922. தாடி மீசை இல்லாம மழுமழுன்னு கிரீடத்தோட இருந்தா ஆறாம் ஜார்ஜ், 1938லேர்ந்து.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். 1835, 1840, 1862ன்னு போட்ட காசெல்லாம் அந்த ஒரு வருஷத்துல மட்டும் அடிச்சது கிடையாது. 1840ன்னு போட்ட ரூபாய 1861 வரைக்கும் அடிச்சிருக்காங்க, 1862ன்னு போட்டத 1874 வரைக்கும். அதனால 'நூத்தி எண்பது வருஷப் பழசு, ரொம்ப ரேர்'னு யாராவது சொன்னா நம்பி வாங்கிடாதீங்க, விக்கறப்பவும் அத சொல்லி விலை ஏத்த முடியாது. ஆனா இதே காரணத்தாலதான் இந்த மூணு வருஷக் காசுலயும் சின்னச்சின்ன வித்தியாசம் ஏராளம். 1840 விக்டோரியால பேரு தலையச் சுத்தி தொடர்ச்சியா ஓடறது ஒரு ரகம், தலைக்கு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்கறது இன்னொரு ரகம். 1862ல சட்டைல பூ வேலை மாறும், பின்பக்கம் புள்ளிங்க எண்ணிக்கை மாறும், அந்தப் புள்ளிய எண்ணி எண்ணி சேகரிக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. நீங்க அவ்வளவு ஆழத்துக்குப் போக வேண்டாம், 1862 காசுங்கள ஒரு குவியலா தனியா வச்சா போதும், தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லுவாங்க.

எந்த மின்ட்டுல, அதாவது காசு அடிக்கற எந்த ஆலைல, அடிச்சதுன்னும் பாத்துக்கோங்க. கல்கத்தா பெரும்பாலும் குறி எதுவும் போடாது. பம்பாய் காசுல குட்டியா 'பி' எழுத்தோ ஒரு புள்ளியோ இருக்கும், பின்பக்கம் கீழ இருக்க பூவுக்குக் கிட்ட தேடுங்க. 1943லேர்ந்து 1945 வரைக்கும் லாகூர்லயும் அடிச்சாங்க, அதுல 'எல்' இருக்கும். நம்ம மெட்ராஸ் மின்ட்ட 1869லயே மூடிட்டாங்க, அதனால அதுக்குப் பிந்தின வருஷம் போட்ட ரூபாய மெட்ராஸ் மின்ட்டுன்னு ஒருத்தர் விக்க வந்தா கிளம்பிடுங்க.

எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க. ராஜா பேரு, வருஷம், குறி, எத்தனை, அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. இந்த நோட்டும் போட்டோவும் பின்னாடி பாகப் பிரிவினைக்கும், கடைக்கும், வரிக்கும், மூணுக்கும் உதவும்.

4. எடை, காந்தம், தண்ணி

0.01 கிராம் வரைக்கும் காட்டற பாக்கெட் தராசு ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஒண்ணு வாங்கிடுங்க, இந்த வேலைல நீங்க போடற முதல் செலவும் முக்கியமான செலவும் அதுதான்.

முழு ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, ரெண்டணா 1.46. பொழங்கித் தேஞ்ச காசு 11.4, 11.5ன்னு வரும், அது இயற்கை. ஆனா முகமெல்லாம் பளிச்சுன்னு புதுசா இருக்கு, எடை மட்டும் 10 கிராம்தான்னா அது பழைய ரூபாய் கிடையாது, நகைக்கடைங்க பரிசு குடுக்கறதுக்கும் பண்டிகைக்கும் விக்டோரியா, ஜார்ஜ் முகம் போட்டு அடிக்கற புதுக் காசு. வெள்ளி நல்ல வெள்ளியாவே இருக்கலாம், ஆனா அத எடைக்கு மட்டும்தான் போடலாம்.

காந்தத்துல ஒட்டினா வெள்ளி இல்ல. 1947 வருஷ ஜார்ஜ் ரூபாய், 1946, 1947 வருஷ அரை ரூபாய், கால் ரூபாய், பின்னாடி புலி போட்டது, அது நிக்கல், நல்லாவே ஒட்டும். நிறைய வீட்ல இதையும் வெள்ளின்னு நினைச்சு முடிஞ்சு வச்சிருக்காங்க.

இப்போதான் முக்கியமான கட்டம். 1939 வரைக்கும் போட்ட ரூபாய்ல வெள்ளி 91.7 சதவீதம். 1940லேர்ந்து 1945 வரைக்கும் போட்டதுல 50 சதவீதம்தான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம், யுத்த காலத்து வெள்ளித் தட்டுப்பாட்டுல வந்த கலவை அது. ரெண்டும் ஒரே எடை, ஒரே அளவு, முகமும் கிட்டத்தட்ட ஒண்ணு. வருஷம் தெளிவா இருந்தா பிரச்சனை இல்ல. தேஞ்சு போய் வருஷம் தெரியலைன்னா விளிம்பப் பாருங்க, பாதி வெள்ளி ரூபாயோட விளிம்புக் கோட்டுக்கு நடுவுல ஒரு பள்ளம் ஓடும், போலி அடிக்கறத தடுக்கறதுக்காக போட்டது. முழு வெள்ளில வெறும் நேர்க்கோடுதான்.

அதுலயும் சந்தேகம்னா, போலியோன்னு சந்தேகம்னா, தண்ணி வச்சுப் பாக்கலாம். லேசான பிளாஸ்டிக் கப்புல பாதி தண்ணி ஊத்தி தராசுல வச்சு சைபர் பண்ணிக்கோங்க. காச மெல்லிசு நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்கற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயும் பக்கத்துலயும் பட்டுடக் கூடாது, பட்டா கணக்கு தப்பிடும். தராசு இப்போ என்ன காட்டுதோ அத எழுதிக்கோங்க. காசோட சாதாரண எடைய இந்த எண்ணால வகுங்க. 10.3 கிட்ட வந்தா 91.7 சதவீத வெள்ளி. 9.5 கிட்ட வந்தா பாதி வெள்ளி. 9க்கும் கீழ போனா வெள்ளின்னு நம்பாதீங்க. முழு எடை இருக்க நல்ல காசு தண்ணிக்குள்ள கிட்டத்தட்ட 1.13 காட்டும், பாதி வெள்ளி 1.22 காட்டும். ரெண்டு மூணு தடவை பண்ணிப் பாத்தா கை பழகிடும்.

கடைல டச் மெஷின்ல, அதாவது டச்சு, வெள்ளி எத்தனை சதவீதம் சுத்தம்னு காட்டற மெஷின்ல, வச்சுப் பாக்கலாமே, உடனே சதவீதம் வந்துடுமேன்னு கேப்பீங்க. வரும்தான், செலவும் பெருசா ஆகாது. ஆனா அந்த மெஷின் காசோட மேல்பரப்ப மட்டும்தான் படிக்கும், மேல வெள்ளி முலாம் போட்டிருந்தா ஏமாந்துடும். அதோட ஒரு எச்சரிக்கை, உரைகல்லுல உரசவோ, அரம் போட்டு ராவவோ, ஓரத்துல வெட்டிப் பாக்கவோ விடாதீங்க. 'சும்மா லேசா'ன்னு சொல்லிக்கிட்டே கை வைப்பாங்க. சேகரிப்பு மதிப்பு இருக்க காசுல ஒரு உரசல் விழுந்தா அது அங்கயே எடைக் காசாயிடும்.

5. உருக்கு விலைய நீங்களே போடுங்க

கீழ போகவே போகாத விலை இதுதான், இது தெரியாம கடைப்படி ஏறாதீங்க. முழு எடை இருக்க 91.7 சதவீத ரூபாய்ல சுத்த வெள்ளி 10.69 கிராம். பாதி வெள்ளி ரூபாய்ல 5.83 கிராம். அன்னிக்கு பேப்பர்ல போடற வெள்ளி விலையால பெருக்குங்க. கணக்குக்காக கிராம் 100 ரூபாய்னு வச்சுக்கிட்டா முதல் ரகம் 1,069 ரூபாய், ரெண்டாவது 583 ரூபாய். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வித்தியாசம், பாத்தீங்களா. ரெண்டையும் கலந்து ஒரே பையில கொண்டுபோய் கொட்டினா மொத்தத்துக்கும் பாதி வெள்ளி டச்சப் போட்டு கணக்கு முடிச்சுடற கடைங்க இருக்கு. தனித்தனி பையில, தனித்தனி எடை சீட்டோட கொண்டு போனா அந்தப் பேச்சே எழாது.

கடைக்காரர் அதுலேர்ந்து உருக்கு சேதாரம், லாபம்னு கொஞ்சம் கழிப்பார், அது நியாயம். எவ்வளவு கழிக்கறார்னு மட்டும் வாய்விட்டு கேளுங்க. ரெண்டு மூணு கடைல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, அன்னிக்கே விக்கணும்னு அவசரம் ஒண்ணும் இல்ல.

6. எத தனியா எடுத்து வைக்கணும்

சேகரிக்கறவங்க மூணு விஷயம் பாப்பாங்க. எவ்வளவு அடிச்சாங்க, இப்போ எவ்வளவு மிச்சம் இருக்கு, காசு என்ன நிலைமைல இருக்கு. வயசு இதுல கடைசிதான்.

உதாரணத்துக்கு 1918, 1919 ஜார்ஜ் ரூபாய்ங்க. கல்கத்தாவும் பம்பாயும் சேர்ந்து வருஷத்துக்கு 40 கோடிக்கு மேல அடிச்சிருக்காங்க. முதல் உலக யுத்த சமயம், இந்தியால வெள்ளி பத்தல, அமெரிக்கா 1918ல சட்டம் போட்டு அவங்க வெள்ளி டாலர்லயே 25 கோடிக்கு மேல உருக்கி வித்தாங்க, அந்த வெள்ளி இங்க வந்து ரூபாயாச்சு. அதனால இந்த வருஷங்க எல்லா வீட்லயும் இருக்கும், தேஞ்சிருந்தா எடை விலைக்கு மேல கொஞ்சம்தான் கிடைக்கும். ஆனா இதே 1918 பொழங்கவே பொழங்காத, அச்சடிச்ச மினுமினுப்பு அப்படியே இருக்க காசுன்னா வாங்கறதுக்குப் போட்டி இருக்கும்.

நான் சொல்றத உங்க நோட்டுல தேடிப் பாருங்க:

1911 ஜார்ஜ். ராஜா போட்டிருக்க அங்கில ஒரு யானை உருவம் உண்டு, தும்பிக்கை சின்னதா அமைஞ்சு பன்னி மாதிரி இருக்குன்னு அப்போ பெரிய எதிர்ப்பு வந்துச்சு, வெளிய விடாம இருந்த காச உருக்கிட்டு, 1912லேர்ந்து யானைய திருத்தி அடிச்சாங்க. சேகரிக்கறவங்க பன்னி ரூபாய்னே சொல்லுவாங்க. எப்பவும் கேப்பாங்க, தனியா எடுங்க.

1922 ஜார்ஜும் கம்மி, தனியா வைங்க. 1939 ஆறாம் ஜார்ஜ் முழு வெள்ளி ரூபாய் ரொம்பவே அரிது, அதனாலயே இந்த வருஷத்துல போலி அதிகம், வேற வருஷத்துக் காசுல எண்ண மாத்தி செதுக்கறது உண்டு. உங்ககிட்ட 1939 இருந்தா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி எடை, தண்ணி ரெண்டும் பாருங்க, அந்த 9 எண்ண லென்ஸ்ல பாருங்க, அப்புறம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. வில்லியம் 1835, விக்டோரியா 1840 நல்ல தெளிவா இருந்தா தனியா. 1862 மொத்தக் குவியலும் தனியா.

அப்புறம் நம்ம ஊருக்கே உரியது ஒண்ணு. கோபுரம் போட்டு சுத்தி நட்சத்திரம், மறுபக்கம் தாமரையில பெருமாள், சுத்தி தமிழ், தெலுங்கு எழுத்து, இப்படி ஒரு வெள்ளிக் காசு பாத்தா அத தயவுசெஞ்சு எடைக்குப் போட்டுடாதீங்க. அது மெட்ராஸ்ல கம்பெனி 1800களோட ஆரம்பத்துல அடிச்ச அரை வராகன், கால் வராகன். வெளிநாட்டு வெள்ளி டாலர் மேலயே திருப்பி அச்சடிச்சதும் இதுல உண்டு, உத்துப் பாத்தா பழைய எழுத்து அடியில தெரியும். ராஜா முகம் இல்லாததால கோயில் காசுன்னு நினைச்சு உருக்கிடறாங்க, மனசு வலிக்குது. அதே மாதிரி பாரசீக எழுத்து மட்டும் இருக்க தடிமனான ஆற்காடு ரூபாய், பணம்னு சொல்ற பொடிப்பொடியான பழைய வெள்ளிக் காசு, இதெல்லாமும் தெரிஞ்சவங்க கண்ணுல பட்ட பிறகுதான் எங்கயும் போகணும்.

வளையம் பத்த வச்ச காசு, ஓட்டை போட்ட காசு, காசுமாலைலேர்ந்து கழட்டினது இதெல்லாம் எந்த வருஷமா இருந்தாலும் பெரும்பாலும் எடை விலைதான். பத்த வச்சத எடுத்துட்டு தேச்சு விடறேன்னு ஆசாரிகிட்ட குடுக்காதீங்க, விலை ஏறாது, கூலிதான் போகும். அந்த மாலை பாட்டி போட்டிருந்ததுன்னா மாலையாவே வச்சுக்கறது நல்லதுன்னு நான் நினைக்கறேன்.

சுதந்திரத்துக்கு அப்புறம் வந்ததுல 1969 காந்தி நூற்றாண்டு பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீத வெள்ளி. அதுவும் சில பெட்டில இருக்கும், பத்து ரூபாய்னு பாத்து தள்ளி வச்சுடாதீங்க.

7. யார்கிட்ட காட்டறது

சென்னைல இருந்தா முதல்ல எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க, நாணயப் பகுதி இருக்கு, வெள்ளிக்கிழமை லீவு. அங்க விலை சொல்ல மாட்டாங்க, ஆனா உண்மையான காசு எப்படி இருக்கும்னு கண்ணு பழகும். அப்புறம் நாணயம் சேகரிக்கறவங்க சங்கங்க நடத்தற கண்காட்சி, பெரிய ஊர்ல எல்லாம் நடக்கும். அங்க பல வியாபாரிங்க ஒரே ஹால்ல இருப்பாங்க, ஒரே காச நாலு பேர்கிட்ட காட்டி கேக்கலாம். முழுப் பையையும் தூக்கிட்டுப் போகாதீங்க, போட்டோவும் தனியா எடுத்ததுல சிலதும் போதும். 'நீங்க என்ன எதிர்பாக்கறீங்க'ன்னு கேட்டா தொகை எதுவும் சொல்லாம 'நீங்க சொல்லுங்க'ன்னு நிறுத்திக்கோங்க.

பொறுக்கி எடுத்துக்கறேன்னு சொல்ற வியாபாரிக்கு முழுப் பைய காட்டினா நல்லதெல்லாம் போய் சக்கை மட்டும் மிஞ்சும். ஒண்ணு தனித்தனி விலை, இல்ல மொத்தமா ஒரு விலை, ரெண்டுல ஒண்ண முதல்லயே பேசிக்கோங்க.

உண்மையிலேயே அரிதான காசுன்னு ரெண்டு மூணு பேர் சொன்னாங்கன்னா ஏல கம்பெனி இருக்கு. மும்பைல டோடிவாலா, பெங்களூர்ல மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாத்ல கிளாசிக்கல் நியூமிஸ்மேட்டிக் கேலரி மாதிரி. முதல்ல போட்டோ அனுப்பணும், ஒத்துக்கிட்டா காச அனுப்பணும். விக்கறவங்ககிட்ட எடுக்கற கமிஷன், விக்காம திரும்பி வந்தா யார் செலவு, குறைஞ்சபட்ச விலை வைக்க முடியுமா, பணம் எத்தனை நாள்ல வரும், இந்த நாலையும் எழுத்துல வாங்குங்க. அனுப்பினதுலேர்ந்து பணம் கைக்கு வர சில மாசம் ஆகும், அதனால கல்யாணச் செலவுக்கோ ஆஸ்பத்திரி செலவுக்கோ இத நம்பி இருக்காதீங்க. கிரேடிங் போடணுமான்னா, ஒரு காசுக்கு ஆகற கட்டணம் சாதாரண 1919 ரூபாயோட விலையையே தாண்டிடும், அரிதான ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் யோசிங்க.

தபால்ல அனுப்பறதா இருந்தா இன்ஷூர் பண்ணித்தான் அனுப்பணும், போஸ்ட் ஆபிஸ்ல உள்ள என்ன இருக்குன்னு சொல்லியே அனுப்புங்க. நிறைய தனியார் கூரியர் விதில காசும் வெள்ளியும் தொலைஞ்சா பொறுப்பில்லைன்னு இருக்கும், பில்லோட பின்பக்கம் படிச்சுக்கோங்க.

8. போன்ல வர்ற வலை

யூடியூப்ல 'இந்தக் காசு இருந்தா பத்து லட்சம்'னு வீடியோ, கீழ ஒரு நம்பர். கூப்பிட்டா உங்க காச உடனே வாங்கிக்கறேன்பாங்க, முதல்ல பதிவுக் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் ரிசர்வ் பேங்க் சர்டிபிகேட் கட்டணம்னு உங்ககிட்டதான் பணம் வாங்குவாங்க. ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்ட்லயே அறிக்கை விட்டுச்சு, பழைய காசு நோட்டு வாங்கி விக்கற எந்த வேலையும் அவங்க பண்றதில்ல, யார்கிட்டயும் கட்டணம் கேக்கறதில்லன்னு. வாங்கறவன் விக்கறவன்கிட்ட முன்பணம் கேக்கற வியாபாரம் எங்கயும் கிடையாது.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார் போட்டு 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818'னு எழுதின காசு இருந்தா அது பூஜைக்கு விக்கற டோக்கன், கம்பெனி அந்த மாதிரி காசு வெளியிட்டதே இல்ல. அது அரிசிய இழுக்கும், இரிடியம் இருக்கு, கோடிக்கணக்குல வாங்க ஆள் இருக்குன்னு வர்ற ரைஸ் புல்லிங் கும்பல் நம்ம மாவட்டங்கள்லயே எத்தனையோ குடும்பத்த நாசம் பண்ணிருக்கு. யாராவது அந்தப் பேச்ச எடுத்தா பேச்ச வளக்காம போலீஸ்ல சொல்லுங்க.

9. பேப்பர், பணம், வரி

காசுக்கு சொந்தக்காரர் இறந்துட்டார்னா விக்கறதுக்கு முன்னாடி வாரிசுங்க எல்லாரும் ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டுடுங்க, நோட்டுல எழுதின லிஸ்ட்ட அதோட சேர்த்து. உயில் இருந்தா அதோட நகல், இல்லைன்னா இ-சேவைல விண்ணப்பிச்சு தாசில்தார்கிட்ட வாங்கின வாரிசு சான்றிதழ். பத்து காசுக்கு எதுக்கு இதெல்லாம்னு தோணும். ஆனா வித்த பிறகு விலை தெரிஞ்சு அக்கா தங்கச்சிக்குள்ள மனஸ்தாபம் வர்றது பத்து காசுலதான்.

கடைக்குப் போறப்போ ஆதார், பான் நகல், பேங்க் விவரம் எடுத்துக்கோங்க. கடைல விக்கறப்போ வாங்கல் சீட்டு எழுதி வாங்குங்க, அதுல எத்தனை காசு, எடை, டச், விலை எல்லாம் இருக்கணும். ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது, வருமான வரிச் சட்டத்துல ரொக்கத்த வாங்கினவருக்குத்தான், அதாவது காச வித்த உங்களுக்குத்தான் அபராதம், அதனால பேங்க் வழியா வாங்கறதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

தொகை பெருசுன்னா லாபத்துக்கு வரி வரலாம். ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்தா நீண்டகால லாபம், தாத்தா வச்சிருந்த வருஷமும் அதுல சேரும். 2024 ஜூலை 23லேர்ந்து விக்கறதுக்கு 12.5 சதவீதம். 2001க்கு முன்னாடியே குடும்பத்துல இருந்த காசுன்னா 2001 ஏப்ரல் 1ம் தேதி என்ன விலை போயிருக்குமோ அத வாங்கின விலையா காட்டலாம், அப்போ வெள்ளி கிலோ எட்டாயிரம் ரூபாய்க்கும் கீழ இருந்துச்சு. சேகரிப்பு மதிப்பு இருக்க காசா இருந்தா அந்த தேதி மதிப்புக்கு மதிப்பீட்டாளர் சான்று தேவைப்படும், ஆடிட்டர்கிட்ட நோட்டு, போட்டோ, வாங்கல் சீட்டு மூணையும் குடுத்துடுங்க, மீதிய அவர் பாத்துப்பார். கணக்கு தாக்கல் பண்ணி முடிச்ச பிறகும் அந்த மூணையும் ஒரு கவர்ல போட்டு பத்திரத்தோட வைங்க, மிச்சக் காச நாளைக்கு உங்க பசங்க விக்கறப்போ அதையேதான் கேப்பாங்க.